ஊதா மூடி

இரவு இரண்டேகாலுக்கு வந்தது குழாய்.
ஊதா மூடி. ஒட்டிய தாளில்
வாட்டு மிஸ்ஸின் அவசரக் கையெழுத்து:
றஜாய், ஆண், முப்பத்தொன்று,
காய்ச்சல் ஐந்தாம் நாள்.
தகப்பன் பேர் ஈரம் பட்டு அழிந்திருந்தது.

எனக்கு இவரைத் தெரியாது.
இவரில் இரண்டு மில்லிலீற்றர் தெரியும்.
ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்து,
சாயம் ஊற்றிக் காத்திருக்கிறேன்.

மழை விட்டு இரண்டு கிழமை.
முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள்.
வெள்ளம் கடலுக்குப் போய்விட்டது,
சிரட்டைகளில் நின்றதைத் தவிர,
காத்தான்குடிக் கராஜ்களின்
பழைய டயர்களில் நின்றதைத் தவிர.

பத்து நாளுக்கு முன் ஒரு பின்னேரம்
கணுக்காலில் ஒரு கடி.
தோலுக்கடியில் கிளை விரித்துக் குந்தியிருந்த
காவற் கலத்துக்குள்ளேயே வந்து விழுந்தது அது.
முகம் பார்த்து ஆள் பிடிக்கிற வேலையில்லை அங்கே.
எங்கள் வீட்டு ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை.
இதுவோ நீளமாய், இரட்டையாய், முறுகிக் கிடந்தது.
அவ்வளவுதான் சாட்சி.

உடனே ஒரு கூவல்.
இன்டர்பெரோன் என்று பரீட்சைக்குப் பாடமாக்கினோம்.
அடுத்த வீட்டுக்கு அது சொல்வது:
அடுப்பை அணை,
ஒன்றும் சமைக்காதே,
வருகிறவனுக்குப் போட
சட்டியில் எதுவும் இருக்கக் கூடாது.
கூவிய வீடு பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.
காய்ச்சலும் நாங்களே மூட்டியதுதான்.

பிறகு வருபவை
அடையாள அட்டை கேட்கிற கலங்கள்.
உள்ளே இருப்பதில் ஒரு துண்டை
ஒவ்வொரு கலமும் வாசலில் தூக்கிக் காட்ட வேண்டும்.
காட்டாததைக் கொன்றுவிடும்.

இதை முதலில் படித்த அன்று
வகுப்பிலிருந்து எழும்பி வந்து
பைப்படியில் தண்ணீர் குடித்தேன்.
சித்தப்பா அட்டையை
மற்றச் சட்டையில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனது
தொண்ணூறாம் ஆண்டு.

இதற்கு மேல் உவமை வேண்டாம்.
கலத்துக்குப் பகை கிடையாது.
அதற்கு வடிவம் மட்டும் தெரியும்.

றஜாய்க்கு இது இரண்டாவது டெங்கு
என்கிறது சீட்டு.
அதுதான் பயம்.
முதல் வகைக்கென்று செய்த பிறபொருளெதிரி
இன்னும் இரத்தத்தில் சுற்றுகிறது.
புதியவனைக் கண்டு பிடிக்கிறது,
இறுக்கமாக அல்ல,
பாதிப் பிடியில்
விழுங்கு கலத்தின் வாசல்வரை கூட்டிப் போய்
உள்ளே விட்டுவிடுகிறது.
துரோகம் என்று வாயில் வருகிறது.
இல்லை.
அதற்கு நல்ல ஞாபகம்,
வேறொருவனை.

சாயம் காய்ந்தது.
எண்ணெய் ஒரு சொட்டு.
தூவிய ரவைபோல் கிடக்க வேண்டிய சிறுதட்டுகள்
இங்கே ஒன்று,
நகர்த்தினால்
அங்கே ஒன்று.
மெஷின் சொன்னது இருபத்தெண்ணாயிரம்.
கண்ணும் அதையே சொல்கிறது.

ஆனால் தட்டின் ஓரத்தில்
நீலம் ஏறி, விளிம்பு நெகிழ்ந்து,
பக்கத்துச் செங்குழியத்தை
அணைத்தாற்போல் வளைந்த ஒரு நிணநீர்க்குழியம்.
பக்கத்தில் இன்னொன்று.
நெறிக்கட்டியில் லட்சத்தில் ஒன்றுக்கு
அந்தத் துண்டின் வடிவம் பொருந்தியிருக்கிறது.
அது தன்னையே பிரித்துப் பிரித்து
ஒரு ஊராகி
இறங்கி வந்திருக்கிறது.
நேரத்துக்கு வந்ததா என்று
கண்ணாடியில் தெரியாது.

வாட்டுக்கு அழைத்தேன்.
‘இருபத்தெட்டு.’
‘மற்றது எட்டு மணிக்கு அனுப்புறன் மிஸ்.’
பின்னால் யாரோ சத்தி எடுக்கிற சத்தம்,
ஒரு பெண் மெதுவாக ஓதுகிற சத்தம்.

எட்டு மணிக் குழாய் சுபாங்கனிக்கு.
நான் ஏழுக்கே இறங்கிவிடுவேன்.
கேட்டால் சொல்வாள்.
கேட்பேனா தெரியவில்லை.

கல்லடிப் பாலத்தில் பஸ் நின்றபோது
குனிந்து கணுக்காலைச் சொறிந்தேன்.
சின்னதாய்த் தடித்திருந்தது.
சிவப்பு.
உள்ளே யாரோ ஏற்கெனவே
எழும்பியிருந்தார்கள்.